சம்பந்தியம்மாவுக்கு ஒரு கறுப்பு வலை

ஸ்டூடியோக்காரரின் குடும்பத்துக்கு ஒரே பெருமை, தெளிவு. அவர்கள் எடுத்த படத்தில் புருவ முடியை எண்ணலாம் என்று ஊரே சொல்லும். போன வருடம் அந்தப் பெருமையே வினையாகிவிட்டது. மகளின் மாமியாரைப் படம் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் எண்ணியது புருவத்தை அல்ல, சுருக்கத்தை. படம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து மகள் பிறந்த வீட்டுப் படி ஏறவில்லை.

மாப்பிள்ளை கெஞ்சிக் கூத்தாடியதில், அறுபதாவது பிறந்தநாளுக்கு இன்னொரு படம் எடுத்துக்கொள்ளச் சம்பந்தியம்மா இறங்கி வந்திருந்தார்.

"இந்தத் தடவையும் சொதப்பினீங்கன்னா என்னை மறந்துடுங்கப்பா" என்றாள் மகள், போனில்.

இப்போது ஸ்டூடியோவில் கேமராவைக் கையாள்வது அவருடைய மகனின் மனைவி, மருமகள். அவளிடம் வழி இருந்தது.

"மெல்லிசா கறுப்பு ஸ்டாக்கிங்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாமா. லென்ஸுக்குப் பின்னால இழுத்து ஒட்டிட்டா முகம் வெண்ணெயா வரும்."

"கால்ல மாட்டுறதை என் லென்ஸ்ல மாட்டுறதா? எங்க அப்பா இருந்திருந்தா..."

"இருந்திருந்தா அவரைக் கடைக்கு அனுப்பியிருப்பேன். எனக்கு லைட் வைக்கிற வேலை இருக்கு."

கடைக்குள் அவர் முதுகு வளையாமல் நுழைந்தார்.

"யாருக்குங்க ஐயா?" என்றாள் விற்பனைப் பெண்.

"லென்ஸுக்கு."

"அவங்க என்ன சைஸ்?"

"எழுபத்தேழு மில்லிமீட்டர்."

அவள் சிரிப்பை விழுங்கினாள். "பூப் போட்டது காட்டட்டுமா?"

"பூவெல்லாம் வேண்டாம். சம்பந்தியம்மா முகத்துக்கு."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

மருமகள் வலையை மத்தளத் தோல் போல இழுத்து ஒட்டினாள். சம்பந்தியம்மா வந்து அமர்ந்தார். மருமகள் புடவை மடிப்பைச் சரிசெய்யப் போன நேரத்தில் ஸ்டூடியோக்காரர் லென்ஸைப் பார்த்தார். ஒளி நுழையும் துவாரம் ஆவென்று திறந்து கிடந்தது. அவர் பரம்பரையில் யாரும் லென்ஸை இப்படி வாய் பிளக்க விட்டதில்லை; துவாரம் சுருங்கினால்தான் தெளிவு. கை தானாகவே லென்ஸின் வளையத்தைத் திருகித் துவாரத்தைச் சுருக்கியது. விளக்கையும் அதற்கேற்பக் கூட்டியது.

மருமகள் வந்து பொத்தானை அழுத்தினாள். திரையில் சம்பந்தியம்மாவின் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கண்ணிகள்.

"ஏம்மா, என்னைக் கொசுவலைக்குள்ள உட்கார வெச்சிருக்கியா?"

மருமகள் வளையத்தைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். தன் தப்பை வீட்டுப் பெண் தலையில் கட்டுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஸ்டூடியோக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தப்பு என்னோடது சம்பந்தியம்மா. உங்க முகம் நல்லா வரணும்னு உள்ளே ஸ்டாக்கிங்ஸ் மாட்டியிருக்கு. துவாரத்தைச் சுருக்கினா அதோட கண்ணி தெரியும். சுருக்கினது நான்தான்."

"யார் போய் வாங்கினது?"

"நான்தான்."

"நீங்களா? இந்த விறைச்ச முதுகை வெச்சுக்கிட்டா?"

சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. மருமகள் சட்டென்று விளக்கைக் குறைத்து, துவாரத்தைத் திறந்து அந்தச் சிரிப்பைப் பிடித்தாள். திரையில் சுருக்கமெல்லாம் கரைந்து, கம்மல் கல் ஒவ்வொன்றும் நாலு கதிர் வீசியது.

சம்பந்தியம்மா திரையருகே குனிந்து பார்த்தார்.

"நாளைக்கே உங்க பொண்ணை அனுப்புறேன். ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும். இப்ப நீங்களும் பக்கத்துல வந்து உட்காருங்க சம்பந்தி. எனக்கு மட்டுமா வயசாச்சு?"

அவர் விறைப்பாகவே உட்கார்ந்தார்.

"துவாரம் எவ்வளவு வைக்கட்டும் மாமா?" என்றாள் மருமகள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"என்னை என்ன கேள்வி? முழுசாத் திற."