டெஸ்மண்ட் வாயை மூடிக்கொண்ட வியாழக்கிழமை

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் எங்கள் ஸ்கார்த்விக்கில் யாராவது உங்களிடம் மரியாதையாகப் பேசினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். உங்களை அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அல்லது நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிடித்தவர்களை நாங்கள் கிண்டல்தான் செய்வோம். பத்தொன்பது வருடமாக வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு இந்த ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். அந்தப் பத்தொன்பது வருடமும் கடைத்தெரு என்னை ஒரு நாள்கூடச் சும்மா விட்டதில்லை.

சந்தைச் சதுக்கத்தில் நின்று, ஜான் மன்னர்தான் இந்தச் சந்தைக்கு உரிமை கொடுத்தார் என்று நான் ஆரம்பித்ததும், பூ விற்கும் நோரீன், "குடுத்த மகராசன் அப்படியே ஒரு கூரையும் போட்டுக் குடுத்திருக்கலாம்" என்பாள். உரிமைக்கே இரண்டு குதிரை கேட்டு வாங்கியவர், கூரைக்கு என்ன கேட்டிருப்பாரோ என்பேன் நான். அடுத்த திருப்பத்தில் கறிக்கடை டெஸ்மண்ட் ஓல்ராய்ட், கையைக் கட்டிக்கொண்டு வாசலில் காத்திருப்பான். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவன் கடைச் சுவரில், மாடி ஜன்னலுக்கு மேலே, மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் விழுந்த பீரங்கிக் குண்டு ஒன்று பாதி புதைந்து நிற்கிறது. நான் வாயைத் திறக்குமுன் அதைப் பற்றி ஒரு புளுகு விடுவான். கூட்டம் சிரிக்கும். அவனை மட்டம் தட்டிவிட்டு நான் உண்மையைச் சொல்வேன். இவர்கள் தொல்லை தாங்கவில்லை என்று நான் புலம்பாத நாள் கிடையாது.

பிப்ரவரியில் என் மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு வந்தது. கைகாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயர்களும் வருடங்களும்தான் கூப்பிட்டால் வர மறுத்தன. தேறி வந்த பிறகு வழிகாட்டிகள் சங்கத்திலிருந்து நாசூக்காக ஒரு கடிதம் வந்தது. நோயில் படுத்து எழுந்தவர்கள் தேர்வாளர் முன்னால் ஊரைச் சுற்றிக் காட்டி மறுபடியும் ஒரு நடைத்தேர்வு கொடுக்க வேண்டுமாம். தேறாவிட்டால் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேட்ஜ் இல்லாமல் யாரையும் கூட்டிப் போக முடியாது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவர் ரேமண்ட் போய் ஆறு வருடமாகிறது. அந்த நடை இல்லாவிட்டால் காலையில் எழுந்து எதற்காகத் தலை சீவுவது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் சமையலறையில் தேநீர்க் கெட்டிலை எதிரே வைத்துப் பாடம் ஒப்பித்தேன். கெட்டிலிடம் நன்றாகவே வந்தது.

ஜூன் மாதத்து ஒரு வியாழக்கிழமை காலை, லீட்ஸிலிருந்து ஃபெனெல்லா கார் என்ற தேர்வாளர் வந்தார். மெல்லிய உடம்பு, மழைக்கோட்டு, கையில் அட்டை, பென்சில். கூடவே ஆறு பயணிகள். முதலில் காட்ட வேண்டும், பிறகுதான் பேச வேண்டும். கடைசி ஆள் வந்து நிற்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இவை எல்லாம் எனக்குத் தெரிந்த விதிகள். "வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது" என்றும் ஒரு விதி உண்டு என்று அவர் நினைவுபடுத்தினார்.

சதுக்கத்துக்குப் போனோம். நோரீன் என்னைப் பார்த்து, "குட் மார்னிங், மிஸஸ் ஹாக்ஸ்வொர்த்" என்றாள். என் முதுகு சில்லிட்டது. பிறந்ததிலிருந்து அவளுக்கு நான் பெரில்தான். என் பேச்சில் ஜான் மன்னர் வந்தார். நான் வழக்கம்போல் ஒரு நொடி நிறுத்தினேன். நோரீன் குனிந்து பூக்களுக்குத் தண்ணீர் தெளித்தாள். நிறுத்திய இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். மன்னர் என்ன வாங்கினார்? ஒன்றும் வரவில்லை. "சரி, இப்படி வாருங்கள்" என்று சமாளித்தேன். பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

கறிக்கடை வாசலில் நிலைமை இன்னும் மோசம். டெஸ்மண்ட் சலவை செய்த ஏப்ரன் கட்டி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, சவ ஊர்வலம் போவதுபோல் தலைகுனிந்து நின்றான். கடைத்தெருவில் ஒரு ஈ காக்கையின் சத்தம்கூட இல்லை. பாவிகள் எல்லோருமாகச் சேர்ந்து, குறுக்கே பேசாமல் இருந்து எனக்கு நல்லது செய்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. கத்த வேண்டும்போல் கோபம் வந்தது.

குண்டைக் காட்டினேன். கடைசி ஆளும் வந்து நின்றார். ஏழு முகங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பின. "இந்தக் குண்டு" என்றேன். பிறகு மறுபடியும் "இந்தக் குண்டு" என்றேன். வருடம் வரவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த விதவையின் பெயர் வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. ஃபெனெல்லா கார் பென்சிலைத் தாழ்த்திவிட்டு வேறெங்கோ பார்த்தார். அது இரக்கம். முடிந்தது என்று நினைத்தேன்.

டெஸ்மண்ட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"அது குண்டே இல்லைங்க" என்றான் பயணிகளிடம். "எங்க தாத்தா சுட்ட போர்க் பை, பன்னிக்கறி வச்ச ரொட்டி. வாங்கின ஆளு கடிக்க முடியாம கோவத்துல விட்டெறிஞ்சான். அங்க போய் ஒட்டிக்கிச்சு."

என் வாய் தானாகத் திறந்தது. "உன் போர்க் பை இன்னிக்கும் அந்த லட்சணத்துலதான் இருக்கு. ஆனா இது விழுந்தது ஆயிரத்து அறுநூத்து நாப்பத்து நாலுல. அப்போ உன் தாத்தாவுக்குத் தாத்தாகூடப் பொறக்கலை."

அதற்கு மேல் என்னைப் பிடிக்க ஆளில்லை. ஆற்றுக்கு அக்கரையில் மேட்டின்மேல் நின்ற பாராளுமன்றப் படை வந்தது. தேவாலயக் கோபுரத்துக்குக் குறிவைத்து எண்பது கெஜம் தவறவிட்ட பீரங்கிக்காரன் வந்தான். விதவை ஆன் பர்டெட் வந்தாள். குண்டைப் பிடுங்கினால் அந்த ஓட்டை வழியாக மழை வீட்டுக்குள் வரும் என்று படைத்தலைவனையே திருப்பி அனுப்பியவள் அவள். போகிற வழியில் நின்று, சதுக்கத்தில் மறந்துபோன மன்னரின் இரண்டு குதிரைகளையும் சேர்த்துச் சொன்னேன். பயணிகள் சிரித்தார்கள். மிச்சமிருந்த ஐந்து இடங்களையும் மழை பிடிப்பதற்குள் முடித்தேன்.

முடிவில் ஃபெனெல்லா கார் என்னைத் தனியே அழைத்தார். எடுத்துக் கொடுத்தால் தேர்வு செல்லாது என்று அவர் தொடங்கியபோது என் கை பேட்ஜுக்குப் போய்விட்டது.

"அந்தக் கறிக்கடைக்காரர் பேசினதைத் திரும்பத் திரும்ப யோசிச்சுப் பார்த்தேன்" என்றார். "அதுல ஒரு வார்த்தைகூட நெஜமில்லை. அதை உதவின்னு நான் எப்படி எழுதறது? முதல் நிறுத்தத்துல கொஞ்சம் மார்க் போச்சு. அவ்வளவுதான். பேட்ஜை வச்சுக்கங்க."

நேராகக் கறிக்கடைக்குப் போனேன். வரிசையில் நான்கு பேர். அவர்களுக்கு முன்னால், "டெஸ்மண்ட், ரொம்ப நன்றி" என்றேன். எங்கள் ஊரில் இப்படிப் பட்டவர்த்தனமாக யாரும் சொல்வதில்லை. நான்கு பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். டெஸ்மண்ட் காதுவரை சிவந்துபோனான்.

"எதுக்கு?" என்றான். "கெடுக்கப் பார்த்தவனே நான்தான். யாரும் அவ கிட்ட வம்பு பண்ணாதீங்கன்னு கடை கடையா ஏறி எறங்கிச் சொன்னேன்."

"அதுக்கும் சேர்த்துத்தான்" என்றேன். அவனுக்கு மட்டுமில்லை, நோரீனுக்கும், பத்தொன்பது வருடமாக என்னை ஒரு நாள்கூடத் தனியே பேச விடாத அந்தத் தெருவுக்கே அப்போது நான் நன்றி சொன்னேன்.

அவன் கத்தியை எடுத்து, வெட்ட வேண்டாத எதையோ வெட்டினான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாலு மாசம் பெரில். தெனமும் நீ வர்ற பதினோரு மணிக்கு வாசல்ல வந்து நின்னுட்டு உள்ள போயிடுவேன்."

"சனிக்கிழமை பன்னண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"நிப்பேன்" என்றான்.