அடுப்புக்கு நேர் மேலே

புயல் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் கைவைத்தது. படுக்கையறைப் பக்கத்தை முழுசாகப் பிடுங்கிக்கொண்டு போனது; சமையலறைப் பக்கத்தில் இரண்டே தகரம். அன்றிலிருந்து நானும் மனைவியும் இரண்டு பெண்களும் என் பாத்திரக்கடையில், அண்டாக்களுக்கு நடுவே படுக்கிறோம். இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் வீடு திரும்ப முடியும்.

சேதம் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிற அன்று மனைவியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "புயலுக்கு முன்னாடியே ஒழுகிச்சுன்னு தெரிஞ்சா சல்லிக்காசு தரமாட்டாங்க. சரக்குல கீறல் இருந்தா வாங்கறவன் கண்டுபிடிக்கட்டும், நாம காட்டக்கூடாது. நீ வாயே திறக்காத."

"நான் எதுக்குங்க திறக்கப்போறேன்?" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் படிகிற பேரத்தைக் கடையில் நான் நம்பமாட்டேன். வீட்டில் நம்பிவிட்டேன்.

சர்வேயர் நாடாவால் அளந்தார், படம் எடுத்தார், பேனாவைத் திறந்தார். "முன்னாடி ஒழுகியிருக்கா?"

"சொட்டுக்கூட இல்ல சார்."

மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

அவள் பேனாவைப் பார்த்தாள். தான் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு மனிதர் காத்து நிற்கிறார். கல்யாணமான நாளாய் அவளுக்கு அப்படி ஒருத்தர் அமைந்ததில்லை.

"ஆறு வருஷமா ஒழுகுது, எழுதிக்குங்க. சரியா அடுப்புக்கு மேல. சமையலுக்கு நான் தண்ணி அளந்து ஊத்தினதே கிடையாது. மேல இருக்கிறவன் பாத்து ஊத்துவான்."

"அவ விளையாட்டுக்குச் சொல்றா சார்..."

"விளையாட்டா? அடுப்புக்குப் பின்னாடி சுவத்துல அந்தக் கறையைப் பாருங்கய்யா, துண்டு விரிச்ச மாதிரி!"

"படுக்கையறைல?" என்றார் சர்வேயர்.

"அங்க ஒரு சொட்டு விழுந்ததில்ல. விழுந்திருந்தா மறுநாளே தகரம் மாறியிருக்கும். அங்க தூங்கறது இவராச்சே!"

சர்வேயர் சிரித்துவிட்டார். "ஒழுகவே இல்லன்னு இதுவரைக்கும் நாப்பது வீட்ல கேட்டுட்டேன், ஒண்ணையும் நம்பல. வீட்டுக்காரர் மானத்தையே ஏலம் போடறவங்க 'அங்க ஒழுகல'ன்னு சொன்னா, அது நெசம். படுக்கையறைப் பக்கம் முழுசா எழுதறேன். சமையலறை உங்க பாடு."

பெருஞ்செலவு படுக்கையறைதான். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வியாபாரியும் வந்துவிட்டான். "சமையலறைக்கு ஒரே ஒரு தகரமாவது சேத்துப் போட்டு..."

"பேனாவை மூடிட்டேன் சார்."

அறிக்கை நாளைச் சாயங்காலம்தான் போகும், சொல்ல ஏதாவது விட்டுப்போயிருந்தால் கூப்பிடுங்கள் என்று கார்டை நீட்டினார். என்னிடம் இல்லை, அவளிடம்.

மறுநாள் காலையில், இன்சூரன்ஸ் பணம் வந்ததும் கூலி என்ற பேச்சில், கூரை வேலைக்காரர் ஏணியோடு வந்தார். "எந்தப் பக்கம் முதல்ல, முதலாளி?"

படுக்கையறையைக் காட்ட விரலை நீட்டினேன். மனைவி அந்தக் கார்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"சமையலறைதான்," என்றேன்.