இரு பக்கமும் பிடித்துத் தைத்த கதை

1

இந்தக் கதையை நான் திருடவில்லை. ஒரு பேன்ட்டைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன்.

இடுப்பில் கொஞ்சம் பிரித்துவிட வேண்டியிருந்தது. நாற்பதைத் தாண்டிய ஆண்கள் எல்லோரும் டெய்லரம்மாவிடம் ஒரே பொய்யைத்தான் சொல்வார்களாம்: “துணி சுருங்கிடுச்சுங்க.” நானும் அதையே சொன்னேன். வழக்கமாக அந்த அம்மா சிரித்துவிடுவார். அன்று சிரிக்கவில்லை. பேன்ட்டின் உள்தையலைப் பிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ஊர்ல எல்லாருக்கும் பிரிச்சு விடுறேன் சார். எம் பொண்ணு ஒருத்திக்குத்தான் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்.”

பிடிப்பது என்றால், தொளதொளவென்று இருக்கும் சட்டையை இரண்டு பக்கமும் உள்ளே மடித்துத் தைத்து உடம்புக்குக் கச்சிதமாக்குவது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் “ஏங்க?” என்று கேட்டேன். பேன்ட் பத்து நிமிடத்தில் தயாராகிவிட்டது. நான் அந்தக் கடையை விட்டு வெளியே வர மூன்று மணி நேரம் ஆனது.

எழுதலாமா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். மகளைக் கேட்டுவிட்டு வந்து சொன்னார். இரண்டு நிபந்தனைகள். பெயர் கூடாது. உடம்பைப் பற்றிய எண் எதுவும் கூடாது.*

* எடை, சுற்றளவு, ஒரு வேளைக்கு எத்தனை வாய் என்கிற கணக்கு, எதுவுமே. சாப்பிடாமல் உடம்பைக் குறைத்துக்கொண்டே போகும் இந்த நோய் உள்ளவர்கள் அடுத்தவருடைய எண்ணைப் படித்தால் அதைப் போட்டியாக எடுத்துக்கொள்வார்களாம். ஆகவே எங்காவது ஒரு வாக்கியம் நொண்டினால், அங்கே ஓர் எண் இருந்து நான் எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: “மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில்” [மழை வேண்டாம். அன்று நல்ல வெயில். சோகக் கதை என்றதும் கை தானாக மழைக்குப் போகிறது.]

இரண்டாவது: “பிறந்தபோது அவள் கொழுகொழுவென்று இருந்தாள். வீட்டில் வைத்த செல்லப்பெயர் குண்டு. பத்தொன்பது வயதிலும் அப்பா அப்படித்தான் கூப்பிட்டார். அதனால்தான்”

[‘அதனால்தான்’ என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். செல்லப்பெயர் என்னவோ நிஜம். ஆனால் கதைக்கு இவ்வளவு தோதாக ஒரு காரணம் கிடைக்கும்போது எழுதுகிறவன் உஷாராக வேண்டும். ஆயிரம் வீடுகளில் ஆயிரம் குண்டுகள் இருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் சண்டை போட்டு வளர்கிறார்கள். இவளுக்கு ஏன் வந்தது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. எனக்கும் தெரியாது.]

மூன்றாவது தொடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மகளின் மெலிவை ஓர் உவமையில் சொல்லியிருந்தேன். [உவமை இங்கே இருந்தது.] அந்தத் தாளை மகள் வாங்கிப் படித்தாள். ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தாள்: “அழகா இருக்கு. அதான் பிரச்சினை.”

இருபது வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு விமர்சனம் வாங்கியதில்லை. எடுத்துவிட்டேன்.

3

ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறேன். இனிமேல் டெய்லரம்மாவை ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன். ‘அவர்’ என்று எழுதினால் மேஜைக்கு அந்தப் பக்கமே நிற்கிறார். மன்னிக்க வேண்டும்.

மகள் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம். சித்தி வீட்டுக்கு வந்தாள். மகளை மேலும் கீழும் பார்த்தாள். “என்னக்கா, வீட்ல அடுப்பே பத்த வைக்கிறதில்லையா? சட்டைக்குள்ள ஆளைத் தேட வேண்டியிருக்கு!” என்று தெரு முனை வரை கேட்கிற சத்தத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. அம்மாவாகப் பாதி, டெய்லராகப் பாதி. தெருவுக்கே அளவெடுத்துத் தைக்கிறவளின் மகள் தொளதொளச் சட்டையோடு நிற்கிறாள். சித்தி கிளம்பியதும், மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அலமாரியிலிருந்து நாலு சட்டைகளை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்தாள். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும், பிள்ளை முகம் சுருங்கிவிடும் என்று நினைத்தாள். மடித்து, இருந்த வரிசையிலேயே வைத்தாள்.

இரண்டு மாதத்தில் சட்டைகள் மறுபடி தொளதொளத்தன. மறுபடி பிடித்தாள். பிறகு மறுபடியும். உள்ளே மிஞ்சிய துணி கைக்குத் தட்டுப்படாமல் படிய வைத்து, அதன்மேல் இன்னொரு ஓட்டு ஓட்டி, அழுத்தி அயர்ன் செய்தாள். “என் சர்வீஸ்லயே அவ்வளவு நீட்டா வேற எதுவும் தச்சதில்ல சார்” என்று என்னிடம் சொன்னபோது குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. உடனே அதைக் கேட்டுத் தானே பயந்தவள் போல வாயை மூடிக்கொண்டாள்.

மகள் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, விலாப் பக்கத்தில் துணியை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பாள்.

“இன்னும் டைட்டாத்தான் இருக்கும்மா.”

“கச்சிதமா இருக்குடி” என்பாள் அம்மா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

மகள் குறைபட்டுக்கொள்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. தன் தையலைப் பாராட்டுகிறாள் என்று நினைத்து, மனதுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

4

அப்பா பாத்திரம் எனக்கு அடங்கவே இல்லை.

முதல் வரைவில் அவரைக் கத்த விட்டிருந்தேன். தட்டைத் தள்ளிவிடுவார், மனைவியைத் திட்டுவார், கதவை அறைவார். எழுதச் சுலபமாக இருந்தது. பிறகு ஆளை நேரில் பார்த்தேன். லிஃப்ட் மெக்கானிக். சத்தம் போடத் தெரியாத மனிதர். கையில் கிரீஸ் வாடை போகவே இல்லை என்று எனக்குக் கை கொடுக்கக்கூடத் தயங்கினார்.

அவர் மகளிடம் சொன்ன கடுமையான வார்த்தை ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் மதியம், அவள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கெஞ்சுகிற குரலில் கேட்டார்: “ஒரு வாய் சாப்பிட்டா குறைஞ்சா போயிடுவ?”

நாமெல்லோரும் சொல்வதுதான். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. மகள் அவரை நிமிர்ந்து பார்த்து, “குறையமாட்டேங்குதேப்பா” என்றாள். அவர் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எங்கே அழுதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். வேலைக்குப் போகிற கட்டடங்களில், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட்டை நிறுத்திவிட்டு. வெளியே ஆட்கள் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பார்களாம். “ரிப்பேர்னு நினைச்சுக்குவாங்க. ரிப்பேர்தானே சார்.”

5

மகள் கல்லூரி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். நாடி எவ்வளவு மெதுவாக அடித்தது என்றால் [எண்]. ஆஸ்பத்திரியில் நாட்கள் போயின. பெரிய டாக்டர், இது சாப்பாட்டில் தொடங்கினாலும் சாப்பாட்டில் மட்டும் தீராது என்று சொல்லி, வாரம் ஒருமுறை கவுன்சலரைப் பார்க்கச் சொன்னார். குடும்பத்தோடு.

இந்த இடத்தில் ஒரு சிரிப்பு உண்டு. சோகக் கதையில் வைக்கலாமா என்று யோசித்தேன். அவர்களே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள், வைக்கிறேன். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்க, அப்பா மறைக்காமல் “கவுன்சலரைப் பார்க்கப் போறோம்” என்றிருக்கிறார். அவர் காதில் வார்டு கவுன்சிலர் என்று விழுந்திருக்கிறது. “அப்படியே நம்ம தெரு லைட் விஷயத்தையும் சொல்லிடுங்க.” அப்பாவும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஆட்டோவில் மகள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு. சிரித்த முகம் எவ்வளவு வயதாகித் தெரிந்தது என்பதைப் பார்க்க மாட்டாமல் டெய்லரம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

6

கவுன்சலரின் அறை சின்னது. நாலு நாற்காலி, ஒரு டிஷ்யூப் பெட்டி, கடகடக்கிற ஃபேன். ஐந்தாவது வாரம் அவர் மகளிடம் கேட்டார்: “உடம்பு இளைச்சது உங்களுக்குத் தெரியவே இல்லையா?”

“எல்லாரும் சொன்னாங்க மேடம். என்னைச் சாப்பிட வைக்கப் பொய் சொல்றாங்கன்னு நினைச்சேன். எடை மெஷின் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி காட்டும். ஆனா சட்டை எல்லாம் அப்படியே டைட்டா இருந்துச்சு. கடையில வாங்கினதுன்னா சந்தேகப்படலாம். அது அம்மா தச்சது. என்ன பண்ணினாலும் லூஸே ஆகல. சரி, இன்னும் போதலைன்னு நினைச்சேன்.”

என் வரைவில் டெய்லரம்மா அந்த நிமிடமே எழுந்து கதறி, எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள். நல்ல காட்சிதான். நடந்தது வேறு. அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை.

[வாசகரே, அவள்மேல் கோபம் வருகிறதா? எனக்கு வந்தது. அவளிடமே கேட்டேன். “நான் போட்ட தையல்தான் எம் பொண்ணைக் கொன்னுக்கிட்டு இருந்துச்சுன்னா, அதை எந்த வாயால சார் சொல்றது? அவ இப்பதான் நான் பக்கத்துல உக்காந்தா ரெண்டு வாய் சாப்பிடுறா. என்னையும் நம்பலைன்னா அப்புறம் யாரை நம்புவா?” ‘ரெண்டு வாய்’ என்பது எண்தான். அது அவள் சொன்னது, அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.]

அந்த மூன்று வாரத்தில் கடைக்கு வந்த துணியெல்லாம் கோணலாகப் போனது. ஒரு பள்ளிச் சீருடைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டாள்.

7

எட்டாவது வாரம் ஒரு பையோடு போனாள். உள்ளே மகளின் நீலச் சட்டை, ஒரு சின்னக் கத்தரி. மேஜைமேல் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி விரித்தாள். பிரிக்கத் தொடங்கினாள். கடைசியாகப் போட்ட தையல் முதலில் வந்தது. பிறகு அதற்கு முன்னால் போட்டது. பிறகு அதற்கும் முன்னால். ஒவ்வொரு நூலாக உருவ உருவ, சட்டை மேஜையில் அகன்றுகொண்டே போனது. அப்பா வாயைப் பிளந்து பார்த்தார். அவருக்கும் அன்றுதான் தெரியும்.

“நான்தான்டி பிடிச்சேன்” என்றாள். “உனக்குத் தெரியாம. ஒவ்வொரு தடவையும்.”

மகள் சட்டையைப் பார்த்தாள். “அப்போ… நான் இளைச்சுக்கிட்டேதான் இருந்தேனா?”

அம்மா எதிர்பார்த்தது கோபம். இல்லாவிட்டால் அழுகை. இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தாள். மகளின் முகத்தில் வந்தது சந்தோஷம். பரீட்சையில் தேறிவிட்டதாகக் கடைசியில் யாரோ சொன்ன மாதிரி ஒரு மலர்ச்சி. ஒரு நொடிதான். பெற்றவள் பார்க்கக் கூடாத ஒன்றை டெய்லரம்மா பார்த்துவிட்டாள். தன் பிள்ளையின் அழிவைக் கேட்டுத் தன் பிள்ளையே பூரிக்கிறதைப் பார்த்தாள்.

அவள் பார்த்ததை மகளும் பார்த்துவிட்டாள்.

“அம்மா. நான் இப்ப சந்தோஷப்பட்டேன்மா.”

“பார்த்தேன்.”

“அது நான் இல்லம்மா. இல்ல, நான்தான். எனக்குத் தெரியல. பயமா இருக்கும்மா. என்னைப் பிடிச்சுக்கம்மா.”

நோய் வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. டெய்லரம்மா கத்தரியைப் போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டாள். கையில் என்ன தட்டுப்பட்டது என்று எழுத மாட்டேன்.

பிறகு கவுன்சலர் டெய்லரம்மாவிடம் தனியாகச் சொன்னாராம்: “சட்டை இல்லைன்னா இந்த நோய் வேற ஒரு சாட்சியைக் கண்டுபிடிச்சிருக்கும்மா. நீங்க பண்ணினது தப்புதான். ஆனா நோயை நீங்க தைக்கல.” டெய்லரம்மா இதில் பாதியைத்தான் இன்னும் நம்புகிறாள். எந்தப் பாதி என்று நாளுக்கு நாள் மாறுகிறது.

8

முடிவுகள்.

(அ) ஆறு மாதம் கழித்து மகளுக்குக் கன்னம் நிரம்புகிறது, அம்மா புதிதாக அளவெடுக்கிறாள். எழுதிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். “நடந்தா நல்லாத்தான் இருக்கும் சார்” என்றாள் டெய்லரம்மா. “ஆனா நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல இந்தப் பேப்பர் எனக்கு ஒண்ணுத்துக்கும் உதவாது.” அவள் கோபமாகச் சொல்லவில்லை.

(ஆ) இதற்கு நேர் எதிரான முடிவு. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். நடக்காது என்பதற்காக அல்ல. நடக்கிற வீடுகள் இருக்கின்றன என்பதற்காக.

(இ) பென்சிலை மகளிடமே கொடுத்தேன். அரைமணி நேரம் வைத்திருந்துவிட்டு, “இன்னைக்கு மதியம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும்” என்று திருப்பித் தந்தாள்.

அந்த மதியம்தான் இது. கடையை ஒட்டிய அறை, சாப்பாட்டு மேஜை. மகள் முன்னால் தட்டு. சாப்பிடும்போது யாராவது கூட உட்கார்ந்து வேறு எதையாவது பேச வேண்டும் என்பது கவுன்சலரின் ஏற்பாடு. தட்டைப் பார்க்கக் கூடாது. சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ பேசக் கூடாது. அப்பா தன் லிஃப்ட் கதைகளையெல்லாம் தீர்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மா இவ்வளவு நேரம் துணி, பட்டன், வாடிக்கையாளர் என்று பேசிக்கொண்டிருந்தாள். இப்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவாள், அழுதால் எல்லாம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். எழுதிப் பிழைக்கிற எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

மேஜையை ஒட்டி ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். நீங்கள் பேசுங்கள். எதையாவது, உங்கள் பக்கத்து வீட்டு நாயைப் பற்றி, தொலைத்த குடையைப் பற்றி, எதுவானாலும் சரி.

சீக்கிரம். மகள் ஸ்பூனை இன்னும் கீழே வைக்கவில்லை.