மகள் எழுதாத பேச்சு

லியோன்சியோ சுமகாய்சாய் அந்தத் தீவுத் தொகுதியில் தொடர்ந்து மூன்று தடவை ஜெயித்தவர். நான்காவது தடவை நிற்கச் சட்டம் இடம் கொடுக்காது. அதற்காக ஊரில் யாரும் கவலைப்படவில்லை. பதவி முடிகிறவர் மனைவியை நிறுத்துவார், இல்லையென்றால் பிள்ளையை. லியோன்சியோவின் மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இருப்பது ஒரே மகள், மரிவிக். அடுத்து அவள்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

மரிவிக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள். சட்டம் படித்து முடித்த கையோடு அப்பாவின் மணிலா அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தவள். புயலில் படகு போன மீனவனுக்கு உதவி கிடைக்க எந்த இலாகாவில் யாரைப் பிடிக்க வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவையில் அவர் பேசியதெல்லாம் அவள் எழுதிக் கொடுத்தது.

கடைசி வருடத்தில், ஒரே குடும்பத்தார் அடுத்தடுத்துப் பதவிக்கு வருவதைத் தடுக்கும் மசோதா ஒன்று அவைக்கு வந்தது. ஆதரித்துப் பேச ஆளில்லை. லியோன்சியோ எழுந்தார். தன் கைப்பட எழுதிய தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"என் வீட்டிலிருந்தும் இனி யாரும் இந்த இருக்கைக்கு வர மாட்டார்கள்" என்று படித்தார்.

சிலர் சிரித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கு அண்ணன் ஆளுநர், தம்பி மேயர். அவர் லியோன்சியோவின் தோளைத் தட்டி, "வீட்டுக்குப் போற நேரத்துல ஞானம் வந்துடுச்சாய்யா உமக்கு?" என்றார். மசோதா தேறவில்லை.

பார்வையாளர் மாடத்தில் மரிவிக் இருந்தாள். திரும்பி வரும்போது காரில்தான் வாயைத் திறந்தாள்.

"எல்லாப் பேச்சையும் நான் எழுதினேன். இதை மட்டும் ஏன்பா எங்கிட்ட காட்டல?"

"காட்டியிருந்தா நீ விட்டிருக்க மாட்டே."

"விடுவேனோ மாட்டேனோ, கேட்டிருக்கலாம்ல? ஊரைக் கூட்டிச் சொல்றதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை?"

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலையேம்மா."

"தப்புன்னு நான் சொன்னேனா?"

கார் நெரிசலில் நின்றது. அவள் கதவைத் திறந்து இறங்கி நடந்தாள். அவர் கூப்பிடவில்லை.

எதிர்க்கட்சி அவளை இரு கை நீட்டி வரவேற்று அதே தொகுதியில் நிறுத்தியது. லியோன்சியோவின் ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். கடைசியாகப் போனவன் டிரைவர் பெர்டிங். "பிள்ளைங்க படிக்குதுங்க சார்" என்று மட்டும் சொன்னான். மரிவிக் அமோகமாக ஜெயித்தாள்.

அதன் பிறகு அவர் வீட்டு வாசல் ஓய்ந்துபோனது. முன்பெல்லாம் விடியும்போதே சவப்பெட்டிக்கு ஒருவர், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு ஒருவர், மகள் கல்யாணத்தில் ஞானத்தந்தையாக நிற்கச் சொல்லி ஒருவர் என்று கூட்டம் நிற்கும். அவர் காப்பி குடிப்பதே அவர்கள் நடுவில்தான். இப்போது கோயில் பக்கம் கல்யாண வாத்தியம் கேட்டால், யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூட அவருக்குத் தெரிவதில்லை.

ஒரு சாயங்காலம், வயதான மீனவர் ஒருவர் இறந்த வீட்டுக்குப் பழக்க தோஷத்தில் அவராகவே போனார். நாற்காலி போட்டார்கள், பிஸ்கட்டும் காப்பியும் கொடுத்தார்கள். இரவு கண்விழிக்க ஊர் வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் மரியாதைக்காகச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் பெரிய மலர்வளையம் ஒன்று நின்றது. ரிப்பனில் 'சுமகாய்சாய்' என்ற பெயர்.

இறந்தவரின் மனைவி அவர் கையைப் பிடித்தாள். "பூ அனுப்பினீங்களே சார், அவரு பார்த்திருந்தா அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு."

"அது என் பொண்ணு அனுப்பினதும்மா."

"யாரு அனுப்பினா என்ன சார், ரெண்டும் ஒண்ணுதானே."



கொஞ்ச நேரத்தில் வாசலில் கார்கள் வந்து நின்றன. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். மரிவிக் இளைத்திருந்தாள். பெட்டி முன் சிலுவைக்குறி போட்டுவிட்டு, அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றார். ஆகியிருக்கவில்லை.

அவள் குரலைத் தணித்தாள். "எனக்கு ஓட்டுப் போட்டீங்களாப்பா?"

"இல்ல."

"என்னை எதிர்த்து நின்ன ஆளுக்கா?"

"யாருக்கும் போடல. ஓட்டுச்சீட்டுல அந்த இடத்தை அப்படியே காலியா விட்டுட்டேன்."

மரிவிக் தனக்குக் கொடுத்த காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பவும் எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவையில் அவள் பேசிய முதல் பேச்சை அவர் சமையலறையில் நின்றபடியே ரேடியோவில் கேட்டிருந்தார். நன்றாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு பெண் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து குனிந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். மரிவிக் எழுந்து அவர்களோடு முற்றத்துக்குப் போனாள்.

கூட்டம் குறையட்டும் என்று அவர் காத்திருந்தார். அது குறைவதாக இல்லை. கோப்பையைக் கீழே வைத்து, அந்த வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு, கடற்கரைச் சாலை வழியாகத் தனியே வீட்டுக்கு நடந்தார்.