கிடங்குக்காரர் வீட்டுத் தரை

கிடங்குக்காரர் வீட்டில் தரை எப்போதும் அவர் இருக்கும் பக்கமாகவே சாய்ந்திருக்கும். அவர் முன்கூடத்தில் உட்கார்ந்தால் வீடு முழுதும் முன்கூடத்தை நோக்கிச் சரியும். பின்கட்டுக்குப் போனால் பின்கட்டுப் பக்கம் சரியும். மேசை நாற்காலிகளைக் கப்பல் கயிற்றால் சுவரோடு கட்டியிருந்தார்கள். அடுப்பில் வைத்த பால் அவர் இருக்கும் திசையில்தான் பொங்கி வழியும் என்பதால், ஐயா எந்த அறையில் என்று கேட்டுக்கொண்டுதான் சமையல்காரம்மா பாத்திரத்தையே இறக்குவாள். இடம் மாறுவதற்கு முன் அவர் கைமணியை ஒருமுறை அடிப்பார். வீட்டில் உள்ளவர்கள் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்வார்கள். மாடிக்கு மட்டும் அவர் போவதில்லை. போனால் எந்தப் பக்கம் சாய்வதென்று தரைக்கே குழப்பம் வந்துவிடும் என்று சமையல்காரம்மா சொல்வாள். துறைமுகத்தில் இறங்கும் சரக்கெல்லாம் அவர் கிடங்குகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நீதிபதியும் சுங்க அதிகாரியும் அவர் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் வீட்டுத் தரை அப்படித்தானே இருக்கும் என்று ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வீட்டு வேலைக்காரர்களுக்குச் செருப்பு ஒரு பக்கமாகத் தேயும், அவ்வளவுதான்.

கிடங்குக்காரர் வளர்த்த பெண் அந்த வீட்டுக்கு வந்தபோது பாவாடை கட்டிய சிறுமி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் படகு கவிழ்ந்து ஒரே நாளில் போய்விட்டார்கள். அப்பா கிடங்குக்காரரிடம் எடை பார்ப்பவராக இருந்தவர். வேறு சொந்தம் யாரும் இல்லாததால் நீதிமன்றம் அவரையே அவளுக்குக் காப்பாளராக ஆக்கியது. கல்யாணம் ஆகும்வரை அவர் பொறுப்பு, கல்யாணத்துக்கும் அவர் சம்மதம் வேண்டும். முதல் நாள் வாசற்படியில் கால் வைத்தவள், தகரப்பெட்டியும் தானுமாக நடைபாதை நெடுகச் சறுக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் நின்றாள். நெடிய உருவம், நரை விழுந்த தாடி, சிரிக்காத முகம். "வந்துட்டியா" என்றார். சிலந்தி வலையில் விழுந்த பூச்சிக்கும் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது, அந்த நினைப்பு பல வருடம் அவளை விட்டுப் போகவில்லை.

குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல துணிமணி, பாடம் சொல்லித்தர ஆள், கடல் தெரிகிற ஜன்னல் வைத்த அறை. வளர்ந்த பிறகு அவளாகவே ஒரு வேலையைத் தேடிக்கொண்டாள். சாக்குகளில் எழுத்து அடிக்கிற தகர அச்சுகளை முற்றத்து மரப்பலகையில் உட்கார்ந்து வெட்டினாள். அவள் வெட்டிய எழுத்தில் மை கசியாது. ஆனால் வெளியே போவதென்றால் மலையேறுகிற மாதிரி மூச்சு வாங்கும், திரும்பி வருவதற்கு ஒரு பாடும் இல்லை. இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவள் பாதி மேட்டில், நாளைக்குப் போகலாமே என்று திரும்பிவிடுவாள். பெண் கேட்டு வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். வாசலில் மிடுக்காக நுழைந்து, சறுக்கி, அவர் முன்னால் போய் விழுந்து எழும்போது வந்த காரியம் மறந்துபோகும். கிடங்கில் ஏதாவது வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தலைமைக் கணக்கரே அப்படி வந்த மாப்பிள்ளைதான்.

வடக்கு அறை ஒன்று பூட்டியே கிடந்தது. கிடங்குக்காரரின் மனைவியை அந்த அறையில் வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார் என்று மீன் சந்தையில் பேசிக்கொண்டார்கள். உயிரோடா, செத்த பிறகா என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. ஒரு மழைக்காலத்தில் அந்த அறையின் வெளிச்சுவர் ஈரத்தில் ஊறிச் சரிந்து முற்றத்தில் விழுந்தது. வேலைக்காரர்கள் எலும்பைத் தேடினார்கள். எலும்பு இல்லை. ஆனால் தரையைப் பார்த்தவள் அங்கேயே குனிந்தாள். கட்டிலின் காலடியிலிருந்து வெளிக்கதவு வரை, படி படியாக, சின்னச் சின்ன மரக்கட்டைகளை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். நிலைக்கதவின் மரத்தில் விரல்கள் பற்றிப் பற்றி வழவழப்பான இடங்கள். யாரோ ஒருத்தி இந்த வீட்டிலிருந்து ஏறிப் போக முயன்றிருக்கிறாள். போய்ச் சேர்ந்தாளா என்பதைக் கட்டைகள் சொல்லவில்லை.

சுவரைத் திரும்ப எழுப்ப ஓர் இளம் கொத்தன் வந்தான். சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு ஆடி நிற்கும்வரை பேசமாட்டான். நின்ற பிறகு, பேச வந்ததை மறக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். அந்த வீட்டில் தூக்குக்குண்டு நேராகத் தொங்காது, ஐயா பக்கம் இழுக்கும் என்பது அவனுக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. தினமும் காலையில் சமையல்காரம்மாவிடம் ஐயா எங்கே என்று கேட்டு, அந்தச் சாய்வைக் கழித்துவிட்டு, மிச்சத்தை நேர் என்று வைத்துக் கல் அடுக்கினான். முற்றத்துப் பலகையில் அவள் தகரம் வெட்டிக்கொண்டிருப்பாள். "கத்திரிச் சத்தத்துல கல்லு கோணுது மேஸ்திரி, பாத்துக்கங்க" என்பாள். "கல்லு கோணாதுங்க. கட்டுறவன்தான் கோணுவான்" என்பான். மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. கட்டிக்கொண்டால் இவனைத்தான். கூடவே பயமும் தெளிவாகிவிட்டது. அவர் விடமாட்டார். அவர் விட்டாலும் இந்தத் தரை விடாது.

சாரத்தைப் பிரித்த அன்று சுவர் முழுதாகத் தெரிந்தது. தெரிந்ததும் சித்தாள்கள் பின்வாங்கினார்கள். சுவர் அடி முதல் நுனி வரை சீராக, அழகாக, முற்றத்துப் பலகையை நோக்கிச் சாய்ந்திருந்தது. கணக்கர் போய்ச் சொல்ல, மணி அடித்தது. எல்லாரும் தூணையும் கதவையும் பிடித்துக்கொள்ள, வீடு மெதுவாகத் திரும்பியது. கிடங்குக்காரர் முற்றத்துக்கு வந்து நின்றார். கொத்தனுக்கு முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"குண்டை விடு பாப்போம்."

கொத்தன் அவர் பக்கத்திலேயே நின்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டான். அது ஆடியது, நின்றது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலகையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நின்றது. அந்த வீட்டில் எந்தப் பொருளும் அவருக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. கணக்கர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இடிச்சிட்டு மறுபடி கட்டித் தர்றேங்க ஐயா. உங்க சாய்வத்தான் கழிச்சேன். இன்னொண்ணு இருக்கும்னு தெரியாம போச்சு."

"இடிச்சே, கைய ஒடிச்சிருவேன். சுவர் சரியாத்தான் இருக்கு."

அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்து நின்றாள். "ஐயா, நான் இவரத்தான் கட்டிக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்த ரூம்ல கட்டை அடிச்சது யாரு? அவங்க என்ன ஆனாங்க?"

அவர் தாடியைத் தடவினார். "என் சம்சாரம். அதப் புடிச்சுத்தான் ஏறிப் போனா. அக்கரையில தொப்பிக் கடை வச்சிருக்கா. நல்லாத்தான் இருக்கா."

"ஊர்ல வேற மாதிரி சொல்றாங்களே!"

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்றதுக்கு, பொதைச்சிட்டான்னு சொல்றது தேவலைனு இருந்துட்டேன்."

சமையல்காரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

"நீங்க என்னை விடமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

"நான் எப்பம்மா புடிச்சேன்? எல்லாம் தானா வந்து விழுந்துச்சு. நீயும் அப்படித்தான் வந்தே. வர்றவங்களப் பாத்துக்கத் தெரியும். போறவங்கள எப்படி அனுப்புறதுன்னு எனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

அன்று மாலையே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் நெஞ்சிலிருந்து, இத்தனை வருடம் இருந்ததே தெரியாத ஒரு பாரம் இறங்கியது. ஆனால் தரைக்குக் கையெழுத்து புரியவில்லை. கல்யாணம் பதிவாகி, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நாளில், தான் எதிரில் நின்றால் பெண்ணுக்குச் சங்கடம் என்று எண்ணி அவர் பின்கட்டின் கடைசி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் காட்டிய மரியாதையில் நடைபாதை என்றுமில்லாத செங்குத்தாகிவிட்டது. அவள் பாதி தூரம் ஏறுவாள், பெட்டி இழுக்கும், சறுக்கிப் பழைய இடத்துக்கே வருவாள். வாசலிலிருந்து கொத்தன் கயிறு வீசினான். சமையல்காரம்மா பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தாள். கணக்கர் ஆலோசனை சொன்னார். மூன்றாம் தடவை சறுக்கியபோது அவளுக்கு அழுகை முட்டியது. வடக்கு அறையின் கட்டைகள் கண் முன்னே வந்து நின்றன. அந்த அம்மாள் எத்தனை காலம் ஆணி அடித்தாளோ.

சமையல்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. பின்கட்டைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். "ஐயா! அங்க உக்காந்துகிட்டு என்ன பண்றீங்க? நீங்க வெளில போனாத்தான் இந்தப் பொண்ணு வெளில போகும்!"

பிறகு மணி அடித்தது. கிடங்குக்காரர் கைத்தடியோடு வந்தார். யாருக்கும் முன்னால் நடந்து பழக்கமில்லாதவர், எல்லாரும் அவரிடம் வந்துதான் பழக்கம். அவளைத் தாண்டும்போது, "இது அன்னிக்கே தோணியிருந்தா ஆணிச் செலவாவது மிஞ்சியிருக்கும்" என்று முணுமுணுத்தார். வாசற்படியைக் கடந்தார், தெருவில் இறங்கினார், கொத்தன் வீடு எந்தப் பக்கம் என்று கையால் கேட்டுக்கொண்டு நடந்தார். அவர் போகப் போக நடைபாதை மட்டமாகி, அப்புறம் வெளிப்பக்கமாகத் தாழ்ந்தது. பெட்டி தானாக நகர்ந்து முதலில் போயிற்று. அவள் அதன் பின்னால், இறக்கத்தில் போகிறவர்கள் நடக்கிற அந்த லேசான ஓட்டத்தோடு, சிரித்துக்கொண்டே தெருவுக்கு வந்தாள். இரண்டு தெருவும் ஒரு திருப்பமும் அவர் முன்னால், அவர்கள் பின்னால். கொத்தன் வீட்டு வாசலில் அவர் ஒதுங்கி நின்று வழி விட்டபோது, பின்னால் வந்தவர்கள் இறக்கத்தில் வந்த வேகத்தில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கரைக்கும் ஒருமுறை அவர் போய் வந்ததாகச் சொல்கிறார்கள். புதுத் தொப்பி ஒன்றோடு திரும்பினார். வேறு விவரம் கிடைக்கவில்லை. வடக்குச் சுவர் இன்னும் அப்படியே சாய்ந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கொத்தன் வீட்டுக்கு நடந்தே வருவதால் அன்றைக்கு அந்தத் தெரு அந்தப் பக்கம் இறக்கமாக இருக்கும். தள்ளுவண்டிக்காரர்கள் கனமான சரக்கை அன்றைக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். குழந்தை பிறந்த பிறகு கொத்தன் தொட்டிலின் கால்களுக்கு இரண்டு ஆப்பு செதுக்கினான். ஞாயிறு காலையில் அவற்றைச் செருகுவான், அவர் கிளம்பிப் போனதும் எடுத்து அலமாரியில் வைத்துவிடுவான்.