கடைசி ஃப்யூஸ்

நான்காவது ஃப்யூஸும் போயிற்று. டப்பாவில் மிச்சம் ஒன்றே ஒன்று. மணி மூன்றரை. ஐந்துக்கு டாக்ஸி வந்துவிடும்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபது மாடிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் மனுஷன், ஒரு முழம்கூட இல்லாத பெட்டி முன்னால் மண்டியிட்டுக் கிடந்தான். கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடக்கும் பாட்டைச் சுத்தமான ஒலியாக மாற்றித் தரும் பெட்டி. எட்டு மாதமாக அவனே பார்த்துப் பார்த்துக் கட்டியது. மகள் நாலு வயதில் பாடிய பதிவை இதில் போட்டுக் காட்டுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்துவிட்டான். நாளைக் காலை மனைவிக்கு ஆபரேஷன். வலது காதுக்குள் வளர்ந்த கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் அந்தக் காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"விடுங்க, போன்லயே கேட்டுக்கறேன்." அவள் தையற்காரி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளிலும் நாலு சட்டைக்குப் பட்டன் வைத்து முடித்திருந்தாள்.

"போன்ல கேக்குறதுக்கா எட்டு மாசம் முதுகு ஒடிய உழைச்சேன்? கொஞ்சம் சும்மா இரேன்!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பயம்தான் கோபமாக வந்தது.

நேற்று வரை மேசையில் பரப்பி வைத்தபோது ஒழுங்காகத்தான் ஓடியது. பெட்டிக்குள் போட்டதும் ஃப்யூஸ் போகிறது. டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகப்பட்டான், டயோடைச் சந்தேகப்பட்டான், கெப்பாசிட்டரைக் கழற்றியே பார்த்துவிட்டான். பாவம், அவை மேல் ஒரு குற்றமும் இல்லை. கடைசியில் மீட்டரின் ஒரு முனையை மைனஸ் லைனிலும் மறுமுனையைப் பெட்டித் தகட்டிலும் வைத்தான். கீ என்று கத்தியது; இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைத் தகட்டோடு இறுக்கிய ஸ்க்ரூவைக் கழற்றினான். கத்தல் நின்றது.

அசடு வழிந்தது. உள்ளே இரண்டு ரெகுலேட்டர். ஒன்று ப்ளஸ், ஒன்று மைனஸ். ப்ளஸ்ஸின் முதுகு தகட்டில் பட்டால் ஒன்றும் ஆகாது. மைனஸின் முதுகிலோ மின்சாரமே ஓடும். அதற்கும் தகட்டுக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்தாத மைக்கா வைக்க வேண்டும். பெட்டியை மூடி அவளிடம் அழகாகக் காட்டும் அவசரத்தில் இரண்டையும் ஒன்றுபோல முறுக்கிவிட்டான், அவசரக் குடுக்கை.

"மைக்கா வேணும். கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்குமே..."

"எனக்குத் தெரியாதா? அயர்ன் பாக்ஸ் காயில்ல இருக்குமே."

பரணில் கிடந்த பழைய அயர்ன் பாக்ஸை இறக்கிப் பிரித்தாள். துணியைத் தவிர எதையும் தொடவிடாத தன் கத்தரிக்கோலாலேயே மைக்காவை அளவாக வெட்டிக் கொடுத்தாள். ஸ்க்ரூவும் இரும்புதானே என்று இவன் அதை விட்டுவிட்டு, உடைந்த மர ஸ்கேல் துண்டை வைத்து ரெகுலேட்டரை அழுத்திக் கட்டினான்.

கடைசி ஃப்யூஸ். சுவிட்சைத் தட்டினான். பச்சை விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டவள் இடது பக்கத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டாள். பாட்டில் இரண்டாவது வரி மறந்துபோய் மகள் அம்மாவிடம் கேட்கும் இடம் அவனுக்கு மனப்பாடம். 'நான் பாடுறது கேக்குதாம்மா?'

"கேக்குதுடி," என்றாள், அக்கம்பக்கமெல்லாம் கேட்கிற மாதிரி. "நல்லா கேக்குது."

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. அது அவளுக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது, சொல்லவில்லை.