மாமா ரூம்

லிஃப்ட் மெக்கானிக் கையில் டீத் தம்ளரோடு ஹாலுக்குள் வந்தபோது தரையில் ஒரு பொம்மை பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வலது கால் பஸ்ஸின் மேல் ஏறியது, பஸ் நகர்ந்தது, டீ சுவரில் போய் விழுந்தது. அவர் சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, பஸ் உடஞ்சிருச்சா?" என்று பதறினான் நான்கு வயது மகன். அவனை எல்லாரும் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்குத்தான் கணுக்கால் பிசகியிருந்தது. கட்டுப் போட்ட டாக்டர், ஒரு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். பகல் முழுக்க இருட்டுக் குழிகளில் கம்பி வடங்களைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியே பழகிய மனுஷன், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக ஒரு வாரம் சோபாவில் கிடந்தார்.

கிடந்ததில் ஒரு லாபம். தன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்ன செய்கிறார்கள் என்று அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். ஏழு வயது மகளுக்கு வீட்டில் பெயர் மேனேஜர். அவள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் துப்பட்டாக்களைத் தொங்கவிட்டு ஓர் ஆஸ்பத்திரி கட்டுவாள். சுண்டுதான் நோயாளி, சுண்டுதான் ஆம்புலன்ஸ், ஆள் பற்றாக்குறை வந்தால் நர்ஸும் அவன்தான். வைத்தியம் சூடு பிடிக்கிற நேரத்தில் அம்மா வேலையிலிருந்து வருவாள். "சாப்பிடணும், எல்லாத்தையும் எடுங்க" என்பாள். ஆஸ்பத்திரி இடியும். மறுநாள் மறுபடி அடிக்கல்.

இவ்வளவுக்கும் மூன்றடி தள்ளி ஓர் அறை, கதவு சாத்தியபடி, துடைத்துவைத்தாற்போல் சும்மா இருந்தது.

அவருடைய மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். அவளிடம் காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் அவர் "டாக்டரம்மா" என்று கூப்பிடுவார்.

"டாக்டரம்மா, ஒரு விஷயம்."

"மாட்டேன்" என்றாள் அவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"அந்த ரூமைத்தானே கேக்கப் போறீங்க? அது எங்க அண்ணன் ரூம்."

அதற்குமேல் பேச முடியாத இடம் அது. அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணன்தான் படிக்கவைத்தான், கல்யாணம் செய்துவைத்தான். தங்கையை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு அவன் கண்டவர்கள் வீட்டு வராந்தாவில் படுத்தான். பிறகு கப்பலில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தான். அங்கே அலமாரி அளவு ஓர் அறை. ஆளோ ஆறடிக்கு மேல். எந்தக் கட்டிலில் படுத்தாலும் பாதம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் இந்த வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், தச்சரை வரவழைத்து அண்ணன் அளவுக்கு ஒரு கட்டில் செய்யச் சொன்னதுதான். தலைமாட்டில் இரண்டு பெரிய தூண்கள் வைத்த கட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை அண்ணன் வந்து பத்து நாள் அதில் படுப்பான். மிச்ச நாளெல்லாம் கட்டில் அவனுக்காகக் காத்துக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமிருந்து போன் வந்தது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததால் மேனேஜர்தான் எடுத்தாள். படித்தது, தின்றது எல்லாம் சொல்லி முடித்தபின் குரலை மாற்றினாள்.

"மாமா, நீங்க இல்லாதப்போ உங்க ரூம் சும்மாதானே இருக்கு?"

"ஆமா."

"அப்போ அதை நாங்க விளையாட எடுத்துக்கட்டுமா?"

அடுப்படியிலிருந்து அம்மா சோப்புக் கையோடு ஓடிவந்தாள். வருவதற்குள் கேள்வி கடல் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "தாராளமா எடுத்துக்கோங்கடா செல்லங்களா" என்று குரல் வந்தது. அதற்குமேல் அவன் அதிகம் பேசவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

"பாத்தீங்களா, மனசு கஷ்டப்பட்டுட்டார்" என்றாள் அவள் கணவனிடம். கண் கலங்கியிருந்தது.

"எடுத்துக்கோன்னுதானே சொன்னார்?"

"அவர் யாருக்கு எதுக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கார்? அதான் பயமா இருக்கு."

ஆனால் மேனேஜருக்கு வாய்மொழி உத்தரவு கிடைத்துவிட்டது. இனி அவளைப் பிடித்துவைக்க யாராலும் முடியாது. இரண்டு நாள் வீடே நச்சரிப்பாகக் கிடந்தது. மூன்றாம் நாள் அம்மா ஒரு பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்தாள்.

முதல் வம்பு சுவருக்கு என்ன நிறம் என்பதில் வந்தது. மேனேஜருக்கு மஞ்சள். சுண்டுவுக்குக் கறுப்பு, கறுப்பைத் தவிர வேறெதுவும் ஆகாது. கடைசியில் மூன்று சுவர் மஞ்சள், ஒரு சுவர் சாக்பீஸால் எழுதுகிற கரும்பலகை என்று முடிவாயிற்று. தங்கள் சொந்தச் சுவரில் எழுதினால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்பதைச் சுண்டுவால் நம்பவே முடியவில்லை. "நெஜமாவா? நெஜமாவா?" என்று அப்பாவின் கட்டுப் போட்ட காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தான்.

இரண்டாவது வம்பு கட்டில். தச்சர் அதை அறைக்குள்ளேயே வைத்துச் செய்திருந்தார். நேராகத் தள்ளினார்கள், சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள். கதவு அதை விடவில்லை. இணைப்புகளும் கழலவில்லை. மெக்கானிக் நொண்டிக்கொண்டே அதை நான்கு பக்கமும் சுற்றி வந்தார்.

"வெளியில போகாதுன்னா உள்ளயே இருக்கட்டும். காலை மட்டும் வெட்டிட்டா மேடை ஆயிடும்."

மனைவி அந்தக் கட்டிலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "ரம்பத்தை என்கிட்ட குடுங்க. வெட்டுறதா இருந்தா நானே வெட்டுறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு இப்போது மாடி கிடைத்துவிட்டது என்று குழந்தைகள் குதித்தார்கள்.

சனிக்கிழமை பகல். ஒரு சுவர் மஞ்சளாகி, இரண்டாவது பாதியில் நின்றது. மெத்தை ஹாலில் செங்குத்தாக நின்றது. துணி அலமாரி வாசல் கதவை மறித்துக்கொண்டிருந்தது. அம்மா கணவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு புருவத்தில் மஞ்சளோடு, ரோலரைத் தொட்டியில் உருட்டிக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது.

கதவு பாதிதான் திறந்தது. அந்தப் பாதி வழியாகப் பக்கவாட்டில் நுழைந்தது ஒரு பெட்டி, பிறகு நீளமான ஓர் ஆள்.

"அண்ணா!" என்றாள் அவள். "அடுத்த மாசம்தானே வர்றதா..."

"லீவு முன்னாடியே கிடைச்சிருச்சு" என்றான் அண்ணன். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அவனைத் தொடர்ந்து இன்னொருவரும் பக்கவாட்டில் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். குள்ளமான, உறுதியான தோள்களுள்ள பெண். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள்.

"இவங்க..." என்றான் அண்ணன். தொண்டையைக் கனைத்தான். "இவங்க துறைமுகத்துல கிரேன் ஓட்டுறாங்க."

எல்லாம் சொல்லி முடித்துவிட்டவன் போல நின்றான்.

"பெரிய கிரேனா?" என்றான் சுண்டு.

"உங்க மாடியை விட உயரம்" என்றாள் அந்தப் பெண். சுண்டு அந்த நொடியே அவள் கட்சிக்கு மாறிவிட்டான்.

தங்கை எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. அண்ணன் கண், திறந்திருந்த அறைக்குள் போய், கால் இழந்த கட்டிலில் நின்றதை மட்டும்தான் அவள் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உங்க ரூமைப் பிடுங்கிக்கிட்டேன்னு நெனைக்காதீங்கண்ணா. நீங்க வந்தா எங்க ரூமைக் குடுத்துடறேன். நாங்க ஹால்ல படுத்துக்குவோம். வேணும்னா இப்பவே இதை நிறுத்திடலாம், மெத்தை இங்கதான் இருக்கு, கட்டிலுக்கு வேற கால்..."

"நிறுத்தாதே" என்றான் அண்ணன் அவசரமாக. "தயவுசெஞ்சு நிறுத்தாதே. கொஞ்சம் நான் சொல்றதைக் கேளு."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு அந்த ரூம் வேண்டாம்மா. கப்பல் வேலையை விட்டுட்டேன். இங்கயே துறைமுகத்துல, ரிப்பேர் பட்டறையில வேலை. நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். பக்கத்துல வீடும் பாத்தாச்சு. போன லீவுலயே சொல்லணும்னு வந்தேன். நீ புதுசா பெட்ஷீட் போட்டு, தலகாணிக்கு உறை தச்சு, மேசை மேல தண்ணி வச்சு, கதவைத் திறந்து காட்டுனே. அதைப் பாத்துட்டு, இனிமே இங்க தங்க வர மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? பேசாம பத்து நாள் படுத்துட்டுப் போயிட்டேன்."

"அப்போ போன்ல நீங்க பேசாம இருந்தது?"

"சந்தோஷத்துல பேச்சு வரல. அந்தப் பொடிசு ரூமைக் கேட்டதும்தான் எனக்கு உசிரே வந்துச்சு."

முதலில் சிரித்தவர் மெக்கானிக். சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். தங்கை அழுவதா, சிரிப்பதா என்று தெரியாமல், கையிலிருந்த ரோலராலேயே அண்ணன் நெஞ்சில் ஓர் அடி வைத்தாள். அவன் வெள்ளைச் சட்டையில் அகலமாக ஒரு மஞ்சள் பட்டை விழுந்தது.

"அன்னிக்கே சொன்னாங்க இவங்க" என்றான் அண்ணன், கிரேன்காரியைக் காட்டி. "போய் நேரா சொல்லுங்க, தங்கச்சிதானே, தூக்கியா போட்டுடுவாங்கன்னாங்க. எனக்குத்தான் தைரியம் வரல. இன்னிக்குத் துணைக்குக் கூட்டிட்டு வந்தேன்."

இந்த நேரத்தில் மேனேஜருக்கு ஒரு நிர்வாகப் பிரச்சினை எழுந்தது.

"அம்மா, இவங்களை நாங்க என்னன்னு கூப்பிடறது?"

அண்ணன் தன் ஷூவைப் பார்த்தான். கிரேன்காரி மட்டும் தங்கையை நேராகப் பார்த்தாள். அதுவரை கலங்காத அந்த முகத்தில் இப்போது லேசான ஒரு பயம் இருந்தது.

தங்கை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"அத்தைன்னு கூப்பிடு" என்றாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "உள்ள வாங்க அண்ணி. உக்கார இடம்தான் இல்ல."

"உக்காரவா வந்தேன்?" அண்ணி கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "இன்னொரு ரோலர் இருக்கா?"

சாயங்காலத்துக்குள் சுவர்கள் முடிந்தன. காய்வதற்காக ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் மேடையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பொம்மைகளை மேலே கொண்டுவர என்ன வழி என்று சுண்டு கேட்டான். கையில் எடுத்து வைக்கலாம் என்ற யோசனை யாருக்கும் பிடிக்கவில்லை. அண்ணி தலைமாட்டுத் தூண்களை ஆட்டிப் பார்த்தாள். உறுதியாக இருந்தன. மெக்கானிக் தன் கருவிப் பையிலிருந்து ஒரு சின்னக் கப்பியை எடுத்தார். தூண்களுக்குக் குறுக்கே கட்டை அடித்து, கப்பி மாட்டி, கயிற்றில் ஒரு கூடையைக் கட்டினார்கள். அங்கேதான் தகராறு ஆரம்பமாயிற்று.

"மறுபக்கம் ஒரு எடை கட்டுனா தானா ஏறும்" என்றார் மெக்கானிக்.

"ஏத்துறது யார் வேணா ஏத்திடலாம். ஆடாம இறக்கணும், அதுலதான் விஷயமே இருக்கு" என்றாள் அண்ணி.

"லிஃப்ட்ல ஆட்டமே கிடையாதுங்க."

"அதான் உங்க வேலை சுலபம்."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நீங்க என்ன சொல்றீங்க?" என்று அண்ணன் பக்கம் திரும்பினார் மெக்கானிக்.

"நான் வெறும் எலக்ட்ரீஷியன். பல்பு வேணும்னா போடறேன்" என்றான் அண்ணன்.

கூடை ஒரு கரடியைச் சுமந்துகொண்டு ஆடாமல் மேலே போயிற்று. சுண்டு கைதட்டினான். மேனேஜர் அதை இறக்கி, கரடிக்குச் சீட்டு வாங்கவில்லை என்று சொல்லித் திரும்ப ஏற்றினாள்.

"அண்ணி, கல்யாணத்தை எப்போ வச்சுக்கலாம்?" என்று தங்கை கேட்டாள்.

"மொதல்ல இந்தச் சுவர் காயட்டும்" என்றாள் அண்ணி.

சுவர் காய்ந்தது. கல்யாணமும் நடந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் வந்துவிடுகிறார்கள். வந்ததும் குழந்தைகள் அத்தையின் இரண்டு கையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கதவு சாத்தப்படும். உள்ளே கூடை ஏறுகிற சத்தமும் அத்தையின் அதட்டலும் கேட்கும். மாமாவை ஏனென்று கேட்க ஆளில்லை.

"ஒரு காலத்துல இந்த வீட்ல எனக்குன்னு ஒரு ரூம் இருந்துச்சு" என்று போன வாரம் அவன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு குறைபட்டான்.

"இப்பவும் விடுவாங்கண்ணா" என்றாள் தங்கை. "மேனேஜர்கிட்ட கேட்டு, வரிசையில நில்லுங்க."